போலீஸ் தேர்வுக்கு ஓடும் தம்பிகளே, தினமும் முழு வேகத்தில் ஓடாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. காவலர் வேலைக்காக ஓடிப் பழகுற தம்பி தங்கச்சிகளும், அவங்களைக் காலையில அஞ்சு மணிக்கு எழுப்பி விடுற அப்பா அம்மாக்களும் கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு நைட் டூட்டி. மணி ஒன்பது இருக்கும். பாகூர் பக்கத்துக் கிராமத்துலேர்ந்து 22 வயசுப் பையன் ஒருத்தனை ரெண்டு நண்பர்கள் பைக்ல நடுவுல உட்கார வச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. (யாருன்னு தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) தொடை ரெண்டும் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு. தொட்டாலே கத்துறான். ரெண்டு தடவை வாந்தி.

"சூடு பிடிச்சிருக்கு சார், ஒரு குளுக்கோஸ் ஏத்திவிட்டா சரியாயிடும்"னு கூட வந்தவங்க சொன்னாங்க.

ஒன்னுக்கு எப்படிப் போச்சுன்னு கேட்டேன். பையன் கொஞ்சம் தயங்கிட்டுச் சொன்னான்: "கருப்பா போச்சு சார். டிக்காஷன் மாதிரி."

சிறுநீர் பரிசோதனைக் குச்சியை முக்கினா ரத்தம்னு காட்டுது. மைக்ராஸ்கோப்புல பார்த்தா சிவப்பணுக்களைக் காணோம். அப்படின்னா வெளியே வந்தது ரத்தம் கிடையாது, தசை. தசை நார்கள் உடைஞ்சு, உள்ளே இருக்குற மையோகுளோபின்ங்கிற புரதம் ரத்தத்துல கலந்து, சிறுநீரகம் வழியா வெளியேறுது. ராப்டோமயோலைசிஸ்னு பேரு. கவனிக்காம விட்டா சிறுநீரகம் அடைச்சுக்கிட்டு டயாலிசிஸ் வரைக்கும் போகும். ரத்தத்துல பொட்டாசியம் ஏறினா இதயம் நின்னுகூடப் போகும்.

சலைன் போட்டுக்கிட்டே என்னப்பா பண்ணினன்னு விசாரிச்சேன். பன்னெண்டு நாளா தினமும் சாயங்காலம் 800 மீட்டரை முழு வேகத்துல ஓடுறது, ரெண்டு நிமிஷம் உட்கார்றது, திரும்ப ஓடுறது. இப்படி அஞ்சு தடவை. கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்புல வாங்கின டைக்ளோபினாக் மாத்திரை, காலையில ஒன்னு, ஓடுறதுக்கு முன்னாடி ஒன்னு.

"ஏன் தினமும் இப்படி?"

"டைமிங் மூணு நிமிஷம் அஞ்சு செகண்டுக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது சார். அதான் இன்னும் சேர்த்து ஓடுனேன்."

இந்தப் பதிவே அந்த ஒரு பதிலுக்காகத்தான். ஏன்னா அவன் மட்டும் இல்லை, வில்லியனூர்லயும் பாகூர்லயும் நான் பார்க்குற முக்கால்வாசிப் பசங்க இதைத்தான் நம்புறாங்க. நேரம் குறையலையா, இன்னும் ஓடு. வலிக்குதா, மாத்திரை போட்டுக்கிட்டு ஓடு.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். புதுச்சேரி காவலர் உடல்தகுதித் தேர்வுல ஆண்கள் 800 மீட்டரை 2 நிமிஷம் 50 விநாடிக்குள்ள முடிக்கணும். 100 மீட்டர் 15 விநாடி. கூடவே நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல். தமிழ்நாட்டுல 1500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும், அப்புறம் 100 இல்லைன்னா 400 மீட்டர். அக்னிவீர் ஆள்சேர்ப்புல 1.6 கிலோமீட்டர். ஊசுட்டேரிக் கரையிலயும் பாகூர் ஏரிக்கரையிலயும் விடியற்காலைல ஓடுற பசங்ககிட்ட நிறுத்திக் கேளுங்க, ஒவ்வொருத்தனும் இந்த மூணுல ஒரு நம்பரைச் சொல்லுவான்.

இதுல 800 மீட்டர் ஒரு ரெண்டுங்கெட்டான் தூரம். 100 மாதிரி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓடிட முடியாது. அஞ்சு கிலோமீட்டர் மாதிரி நிதானமாவும் போக முடியாது. வேகமா ஓடணும், அந்த வேகத்தைத் தாங்கவும் செய்யணும். கோச்சுங்க இதை ஸ்பீட் எண்டூரன்ஸ்னு சொல்லுவாங்க.

இப்போ நம்ம தம்பிக்கு வருவோம். மறுநாள் அவன் நண்பன் போன்ல எடுத்த வீடியோவைக் காட்டினான். ஸ்கூல் மைதானம், 200 மீட்டர் சுற்று, நாலு சுற்று. வார்டுல உட்கார்ந்தே நேரம் குறிச்சோம். முதல் சுற்று 34 விநாடி. ரெண்டாவது 41. மூணாவது 52. நாலாவது 58. மொத்தம் 185 விநாடி, அதாவது அவன் சொன்ன அதே மூணு நிமிஷம் அஞ்சு.

2:50-க்குத் தேவையான கணக்கு என்ன? ஒரு 200 மீட்டருக்கு 42 அரை விநாடி. அவ்வளவுதான். இவன் முதல் சுற்றுல எட்டரை விநாடி லாபம் பார்த்து, கடைசி ரெண்டு சுற்றுல சேர்த்து 25 விநாடி நஷ்டப்பட்டிருக்கான். கந்துவட்டி மாதிரி.

உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன். ஓட ஆரம்பிச்ச முதல் பத்து விநாடி வரைக்கும் தசையில ஏற்கெனவே சேர்த்து வச்ச கிரியேட்டின் பாஸ்பேட் கைகொடுக்கும். அப்புறம் ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைக்கிற வழி. ஆக்சிஜனை வச்சு சக்தி தயாரிக்கிற வழி முழு வேகத்துக்கு வர ஒரு நிமிஷம் போல ஆகும். 800 மீட்டர்ல மொத்தச் சக்தியில பாதிக்கு மேல, சுமார் 60 சதவீதம், இந்த ஆக்சிஜன் வழியிலதான் வருது. அது தயாராகுறதுக்கு முன்னாடியே நீங்க 34 விநாடியில பறந்தா, தசையில அமிலத்தன்மை சீக்கிரமே ஏறிடும். தசை சுருங்கி விரியுறது மந்தமாகும். கடைசி 300 மீட்டர்ல "கால் ஈயமாயிடுச்சு சார்"னு சொல்றது இதைத்தான். மன உறுதி குறைஞ்சதால வர்றது இல்லை அது.

உலகச் சாம்பியன்களும் ரெண்டாவது சுற்றுல வேகம் குறையத்தான் செய்வாங்க. 2012 லண்டன் ஒலிம்பிக்ல கென்யாவின் டேவிட் ருடிஷா 1 நிமிஷம் 40.91 விநாடியில உலக சாதனை பண்ணினார். முதல் 400 மீட்டர் 49.28, ரெண்டாவது 51.63. வித்தியாசம் ரெண்டு விநாடி, கொஞ்சம் கூட. நம்ம தம்பிக்கு வித்தியாசம் 35 விநாடி. அவன் முதல் சுற்றை 41-லயும் அடுத்ததை 42-லயும் ஓடியிருந்தா, அன்னைக்கு இருந்த அதே உடம்போட 2:50-ஐத் தொட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டுன்னுதான் எனக்குத் தோணுது.

சிக்கல் என்னன்னா, தேர்வுல கூட்டமா ஓட விடுவாங்க. விசில் ஊதினதும் எல்லாரும் தெறிச்சு ஓடுவாங்க, நீங்க மட்டும் பின்தங்கின மாதிரி இருக்கும். அந்த முதல் 150 மீட்டர்ல பதறாம இருக்கிறதுக்குத்தான் பயிற்சியே. இன்னொரு விஷயம்: வளைவுல முந்தாதீங்க. 400 மீட்டர் டிராக்ல ரெண்டாவது லேன்ல ஒரு சுற்று ஓடினா ஏழு மீட்டர் கூடுதல். ரெண்டு சுற்றுக்கு 14 மீட்டர். 2:50 வேகத்துல அதுவே மூணு விநாடி. 2:52-ல முடிச்சு அழுத பசங்களை எனக்குத் தெரியும்.

சரி, ஓய்வுக்கு வர்றேன். பதிவோட முக்கியமான பகுதி இதுதான்.

கிணத்துல மோட்டார் போட்டு இறைச்சா ஊற நேரம் விடணும்னு நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஊறாத கிணத்துல மோட்டாரை ஓட விட்டா காயில் எரியும். தசையும் அப்படித்தான். முழு வேகத்துல ஒரு ஓட்டம் ஓடின பிறகு கிரியேட்டின் பாஸ்பேட் ஓரளவு நிரம்ப மூணுலேர்ந்து அஞ்சு நிமிஷம் ஆகும். அமிலத்தன்மை குறைய அதைவிடக் கூடுதல் நேரம். செலவான கிளைகோஜன் திரும்பச் சேர ஒரு நாள், சில சமயம் ரெண்டு நாள். நுணுக்கமாக் கிழிஞ்ச தசை நார் சரியாக ரெண்டு மூணு நாள். எலும்பு தன்னைப் புது பாரத்துக்குத் தக்கபடி மாத்திக்க வாரக்கணக்குல ஆகும். உடம்பு பலமாகுறது இந்த இடைவெளியிலதான். ஓடும்போது நீங்க உடம்புக்கு ஒரு மனு போடுறீங்க. ஓய்வுலதான் அது பரிசீலிச்சு பாஸ் பண்ணும். மனு மேல மனு போட்டுக்கிட்டே இருந்தா, அரசு ஆபீஸ்ல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும், நானும் அரசு ஊழியன்தான்.

(இடையில ஒன்னு: மறுநாள் கால் வலிக்கிறது லாக்டிக் ஆசிட் தேங்கினதால இல்லை. அது ஓடி முடிச்ச ஒரு மணி நேரத்துல பெரும்பாலும் போயிடும். மறுநாள் வலி, தசை நார்ல ஏற்பட்ட நுண்ணிய காயத்தால வர்றது.)

இங்கிலாந்துல ரோஜர் பேனிஸ்டர்னு ஒரு மருத்துவ மாணவர் இருந்தார். ஒரு மைல் தூரத்தை நாலு நிமிஷத்துக்குள்ள ஓட முடியாதுன்னு உலகமே நம்பின காலம். அவரோட பயிற்சி, 440 கஜம் ஓடி, ரெண்டு நிமிஷ இடைவெளி விட்டு, திரும்ப ஓடி, இப்படிப் பத்து தடவை. ஒவ்வொன்னையும் சராசரியா 60 விநாடிக்குள்ள கொண்டு வரணும். 1954 ஏப்ரல்ல 61 விநாடியில வந்து மாட்டிக்கிட்டார். எவ்வளவு முயற்சி பண்ணியும் இறங்கலை. நம்ம தம்பியோட அதே நிலைமை. அவர் என்ன பண்ணினார்? பயிற்சியை அப்படியே நிறுத்திட்டு, நண்பர் ஒருத்தரோட ஸ்காட்லாந்துக்குப் போய் சில நாள் மலையேறினார். திரும்பி வந்து ஓடினா, 59. மே 6-ம் தேதி ஒரு மைலை 3 நிமிஷம் 59.4 விநாடியில முடிச்சார். அந்தப் போட்டிக்கு முன்னாடியும் அஞ்சு நாள் ஓடாம ஓய்வுல இருந்தார். பின்னாடி பெரிய நரம்பியல் மருத்துவரா ஆனவர். எங்க ஜாதிக்காரர்னு பெருமையாச் சொல்லிக்குவேன்.

அவருக்கும் முன்னாடி ஜெர்மனில கெர்ஷ்லர்னு ஒரு பயிற்சியாளரும், ரைண்டெல்னு ஒரு இதய மருத்துவரும் சேர்ந்து ஒரு முறை கண்டுபிடிச்சாங்க. ஓட்டத்துல நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 180 வரைக்கும் ஏறலாம். அடுத்த ஓட்டத்துக்கு முன்னாடி அது 120-க்கு இறங்கணும். ஒன்றரை நிமிஷத்துக்குள்ள இறங்கலைன்னா, ஓடினது ரொம்ப வேகம் அல்லது ரொம்ப தூரம், அன்னைக்குப் பயிற்சி முடிஞ்சது. இந்த முறையில பழகின ருடால்ஃப் ஹார்பிக் 1939-ல மிலான் நகரத்துல 800 மீட்டரை 1:46.6-ல ஓடினார். அந்த சாதனையை 1955 வரைக்கும் யாராலும் உடைக்க முடியலை. கைக்கடிகாரமும் விரலும் மட்டும் வச்சுக்கிட்டுச் செய்த வேலை அது.

நீங்களும் செய்யலாம். ஓடி முடிச்சதும் உட்காராம நடந்துக்கிட்டே இருங்க. கழுத்துப் பக்கவாட்டுல ரெண்டு விரலை லேசா வச்சு பத்து விநாடிக்கு எண்ணுங்க. 20 வந்தா நிமிஷத்துக்கு 120. அந்த ஒன்றரை நிமிஷக் கணக்கு சின்ன ஓட்டங்களுக்கானது. நீங்க 400 மீட்டரை வேகமா ஓடினா அஞ்சாறு நிமிஷம் தாராளமா எடுத்துக்கங்க. ஆறு நிமிஷம் ஆகியும் 20-க்கு மேலயே துடிக்குதா, அன்னைக்கு வீட்டுக்குப் போயிடுங்க. காலையில படுக்கையை விட்டு எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியும் ஒரு தடவை எண்ணி நோட்டுல எழுதி வைங்க. வழக்கத்தைவிட எட்டு பத்து கூடுதலா இருந்தா உடம்பு இன்னும் ஆறலைன்னு அர்த்தம். அன்னைக்கு நடை மட்டும்.

"டாக்டர், நீங்க என்ன கோச்சா?"ன்னு கமெண்ட் வரும். இல்லீங்க. வெறும் எம்பிபிஎஸ். காலேஜ் ஸ்போர்ட்ஸ் டேயில 800 மீட்டர்ல கடைசிக்கு முந்தி வந்தவன். ஆனா தப்பா ஓடினவங்களை நிறையப் பார்த்துட்டேன். அதனால பொதுவான ஒரு கணக்கு சொல்றேன், உங்க ஊர்ல நல்ல கோச் இருந்தா அவர் சொல்றதைக் கேளுங்க.

புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல் மூணு நாலு வாரம் வேகத்தை மறந்துடுங்க. பக்கத்துல ஓடுறவன்கிட்ட முழு வாக்கியமாப் பேச முடியுற வேகத்துல 25, 30 நிமிஷம். அப்புறம் வாரத்துல ரெண்டு நாள் மட்டும் வேகப் பயிற்சி, நடுவுல ரெண்டு நாளாவது இடைவெளி. ஒரு நாள் 200 மீட்டரை 41, 42 விநாடியில ஆறு தடவை, ஒவ்வொன்னுக்கும் நடுவுல ரெண்டு மூணு நிமிஷம் நடை. முதல் ஓட்டத்துக்கும் கடைசி ஓட்டத்துக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்னா இருக்கணும். ஆறாவது 48-க்குப் போச்சுன்னா, நாலாவதோட நிறுத்தியிருக்கணும். இன்னொரு நாள் 400 மீட்டரை 85-ல மூணு தடவை. மீதி நாள் மெதுவான ஓட்டம், ஒரு நாள் முழு ஓய்வு. 800-ஐ நேரம் வச்சு முழுசா ஓடிப் பார்க்கிறது ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். தினமும் பரீட்சை எழுதுறவன் எப்போ படிப்பான்?

தேர்வுக்கு முந்தின வாரம் பாதியாக் குறைச்சிடுங்க. கடைசி நாலஞ்சு நாள்ல நீங்க எவ்வளவு ஓடினாலும் அது தேர்வு நாளைக்கு உதவாது, சோர்வு மட்டும்தான் மிஞ்சும்.

தூக்கத்தைப் பத்தி ஒன்னு சொல்லணும். சேதராப்பட்டு, திருபுவனை கம்பெனில நைட் ஷிப்ட் முடிச்சிட்டு, பஸ்ல இருந்து இறங்கி நேரா கிரவுண்டுக்கு வர்ற பசங்க இருக்காங்க. குடும்பச் சூழ்நிலை, என்னால ஷிப்டை மாத்த முடியாது. ஆனா அந்தக் காலை ஓட்டத்தை சாயங்காலத்துக்கு மாத்துங்க. தூங்கி எழுந்து ஓடுங்க. சோத்தைக் குறைக்காதீங்க. கிளைகோஜன் சோத்துலேர்ந்துதான் வரணும். முட்டை, வேர்க்கடலை, சுண்டல், வாழைப்பழம் போதும். ஆயிரக்கணக்குல விலை போட்ட பவுடர் டப்பாவுக்குப் பதிலா அந்தக் காசுல ஒரு நல்ல ஷூ வாங்குங்க.

கால் வலிக்கு வர்றேன். முன்னங்கால் எலும்பு நெடுக வலிச்சு, ஓய்வெடுத்தா குறையுதுன்னா பெரும்பாலும் பயிற்சியைத் திடீர்னு கூட்டினதால வர்றது. ஒரே இடத்துல, விரல் நுனி வச்சு அழுத்தினா உயிர் போகுற மாதிரி வலிச்சா, நடக்கும்போதும் ராத்திரியிலும் வலிச்சா, எலும்புல விரிசல் இருக்கலாம். முதல் ரெண்டு மூணு வாரம் எக்ஸ்ரேல ஒன்னும் தெரியாம இருக்கும், அதை நம்பி ஓடிடாதீங்க. விரிசல்னா ஆறுலேர்ந்து எட்டு வாரம் ஓட்டம் கிடையாது. கேட்கக் கஷ்டமாத்தான் இருக்கும். விரிசலோட ஓடி எலும்பு முழுசா உடைஞ்சா மாசக்கணக்கு.

வலி மாத்திரை போட்டுக்கிட்டு ஓடுறதை தயவுசெய்து விட்டுடுங்க. டைக்ளோபினாக் மாதிரி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போற ரத்தத்தைக் குறைக்கும். வியர்த்து வத்திப்போன உடம்பு, உடைஞ்ச தசை, மேல இந்த மாத்திரை. மூணும் சேர்ந்துதான் அந்தப் பையனை என்கிட்டக் கொண்டு வந்துச்சு. "ஒரு ஊசி போட்டா கால் பறக்கும்"னு யாராவது சொன்னா, அது பெரும்பாலும் ஸ்டீராய்டாத்தான் இருக்கும். வலியை மறைக்கும், காயத்தை மறைக்காது.

தங்கச்சிகளுக்குத் தனியா: பயிற்சி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஹீமோகுளோபின் பாருங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். ரத்தசோகையோட எவ்வளவு ஓடினாலும் நேரம் குறையாது, ஏன்னா ஆக்சிஜனைச் சுமக்க ஆள் இல்லை. ஓட ஆரம்பிச்ச பிறகு மூணு மாசம் மாதவிலக்கு வரலைன்னா "ஓடுறதால அப்படித்தான்"னு விடாதீங்க. சாப்பாடு போதலைன்னு உடம்பு சொல்ற சேதி அது. எலும்பும் சேர்ந்து மெலியும்.

இதெல்லாம் மெதுவா வர்ற பிரச்சினை. உடனே உயிரை எடுக்கிறதும் உண்டு.

2024 ஆகஸ்ட் கடைசியில ஜார்க்கண்ட் மாநிலத்துல கலால் காவலர் தேர்வு நடந்துச்சு. ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துல. சில நாளுக்குள்ள பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் செத்துப் போனாங்க. அரசு தேர்வைச் சில நாள் நிறுத்தி வைக்க வேண்டியதாச்சு. ராத்திரியிலேர்ந்தே வரிசையில நின்னதா அப்போ செய்திகள் வந்துச்சு. ஒவ்வொரு சாவுக்கும் காரணம் வேற வேறயா இருக்கலாம். ஆனா தூக்கம் இல்லாம, சாப்பிடாம, புழுக்கத்துல, பழகாத உடம்போட ஓடுறது எவ்வளவு ஆபத்துன்னு எந்த டாக்டரும் சொல்லுவார்.

நம்ம கடலோரப் புழுக்கத்துல வியர்வை ஊத்தும், ஆனா காயாது. காயலைன்னா உடம்பு குளிராது. ஓடிக்கிட்டு இருக்குறவன் திடீர்னு உளர்றான், தள்ளாடுறான், ஆள் அடையாளம் தெரியலைன்னா அது வெப்ப மயக்கம்னு எடுத்துக்கிட்டு 108-க்கு போன் பண்ணுங்க. வண்டி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, முதல்ல குளிர வைங்க. பக்கத்துல பம்புசெட் தொட்டி இருந்தா கழுத்து வரைக்கும் இறக்கி, தலையைப் பிடிச்சுக்கங்க. இல்லைன்னா பக்கெட் பக்கெட்டா ஊத்துங்க. வாயில எதுவும் ஊத்தாதீங்க.

ஓடி முடிச்சு சட்டுனு நின்னதும் தலை சுத்துறது பல பேருக்கு வரும். ரத்தம் கால்ல தேங்குறதால அது. படுக்க வச்சு காலைத் தூக்கினா சரியாகும். ஆனா ஓடிக்கிட்டு இருக்கும்போதே மயங்கி விழுந்தா, நெஞ்சு அடைச்சா, அல்லது வீட்டுல யாராவது 40 வயசுக்குள்ள திடீர்னு செத்திருந்தா, இதய மருத்துவர் பார்த்து இசிஜி, எக்கோ எடுக்குற வரைக்கும் ஒரு மீட்டர்கூட ஓடக்கூடாது. பிறவியிலேயே இதயத் தசை தடிச்சிருக்கிறவங்களுக்கு முதல் அறிகுறியே அந்த மயக்கமா இருக்கலாம்.

இவ்வளவு நேரம் பசங்களையே சொல்லிட்டேன். அவங்க மேல மட்டும் தப்பைப் போடுறது நியாயம் இல்லை. 18 வயசு தாண்டினதும் வயசு வரம்பு துரத்துது. அப்பாவுக்கு மில் மூடினதுக்கு அப்புறம் நிலையான வருமானம் இல்லை. அறிவிப்பு எப்போ வரும்னு தெரியாது. வந்ததும் சில வாரத்துல ஓடுன்னா, யாரா இருந்தாலும் நாள் தவறாம முழு வேகத்துலதான் ஓடுவான். எந்த மாநிலமா இருந்தாலும் சரி, உடல்தகுதித் தேர்வு தேதியை மூணு மாசம் முன்னாடியே சொல்லிடணும். நம்ம உடம்பு மாற அவ்வளவு காலம் வேணும், அது சலுகை இல்லை. தேர்வு நாள்ல ஓட்டத்தை காலை எட்டு மணிக்குள்ள முடிக்கணும். கடைசி பேட்ச் பையன் பதினோரு மணி வெயில்ல நின்னு ஓடினா, அவனும் ஆறு மணிக்கு ஓடினவனும் ஒரே தேர்வு எழுதினதா ஆகாது.

இன்னொன்னு செலவே இல்லாதது. கொம்யூன்ல இருக்குற பள்ளி மைதானங்களைக் காலை அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும் திறந்து விட்டு, நாடா வச்சு அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுங்க. பாதிப் பசங்களுக்குத் தான் ஓடுற சுற்று எத்தனை மீட்டர்னே தெரியலை. போன் ஆப் சின்ன வட்டத்துல தப்பாக் காட்டும். 180 மீட்டரை 200-ன்னு நினைச்சுப் பழகி, தேர்வுல போய் உடையுறான். இல்லைன்னா இருட்டுல விழுப்புரம் ரோட்டுல லாரிக்குப் பக்கத்துல ஓடுறான். அந்த வகையில வந்தவங்களைப் பத்தி இங்க எழுத எனக்கு மனசு இல்லை.

பாகூர் தம்பியை அன்னைக்கு ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஆறு நாள் இருந்தான். டயாலிசிஸ் தேவைப்படலை, கிரியேட்டினின் இறங்கிடுச்சு. அந்தத் தேர்வுக்குப் போக முடியலை. டிஸ்சார்ஜ் ஆகி வந்து ஓபி-ல உட்கார்ந்தவன் கேட்ட முதல் கேள்வி, "எப்போ சார் ஓடலாம்?" இப்போ வாரம் நாலு நாள் நடக்குறான், ரெண்டு நாள் மெதுவா ஓடுறான். 200 மீட்டரை 42-ல ஓடச் சொன்னா 38-ல முடிச்சுட்டு நிக்குறான். மெதுவா ஓடுறதுதான் சார் கஷ்டமா இருக்குன்னு போன வாரம் சொல்லிட்டுப் போனான்.